685,000 ரூபாயும் 74 நாட்களும்: சேர்வர் வாங்க நினைக்கின்ற வன்னி உறவுகளுக்கு

எங்கள் சனசமூக நிலையத்தின் சேர்வர், அதாவது ஊரின் கோப்புகளைச் சேமித்து வைக்கின்ற கணினி, நின்றுபோய் இன்றுடன் ஒன்பது நாட்கள். அதை விற்றவர் எனது தொலைபேசி இலக்கத்தைத் தடைசெய்து இன்றுடன் இரண்டு நாட்கள். போனது 685,000 ரூபாய். என்னுடைய சொந்தப் பணமாக இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். இது ஊர்ப் பணம். காலபோக நெல்லை விற்ற கையோடு ஐந்நூறும் ஆயிரமுமாகக் கொண்டுவந்து தந்தவர்களின் பணமும், கனடாவிலும் சுவிசிலும் இருந்து எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அனுப்பிய பணமும் அதில் இருக்கின்றன. செயலாளர் என்ற முறையில் கையொப்பமிட்டுக் கொடுத்தவன் நான்.

கிளிநொச்சியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கின்ற ஒரு கிராமத்துக்குச் சேர்வர் எதற்கு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். 2009 இல் இடம்பெயர்ந்து போனபோது காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போன சனம் எங்களுடையது. அப்படியும் பாதிப் பேரிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. மிஞ்சியவற்றையாவது வருடி (ஸ்கான் செய்து) ஓரிடத்தில் பத்திரப்படுத்துவோம் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவெடுத்தோம். உறுதிகள், அனுமதிப்பத்திரங்கள், திருமணப் படங்கள், பள்ளிக்கூடக் குழுப் படங்கள் என்று பதினோராயிரத்துக்கு மேற்பட்ட கோப்புகளைப் பிள்ளைகள் மாலை நேரங்களில் இருந்து வருடினார்கள். அவற்றை வைப்பதற்கு நம்பிக்கையான இயந்திரம் ஒன்று தேவைப்பட்டது.

வவுனியா நகரில் கணினி விற்பனையும் திருத்தமும் செய்கின்ற ஒரு கடையைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். கடையின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. முறைப்பாடு கொடுக்கவிருப்பதால் சங்கத் தலைவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். கடை உரிமையாளர் தானே நேரில் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தேநீர் குடித்துக்கொண்டே நாங்கள் வருடி வைத்திருந்த படங்களைப் பார்த்தவர், முல்லைத்தீவுக் கடற்கரையில் எடுத்த ஒரு பழைய படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார். "மாஸ்ரர், நாங்களும் எல்லாத்தையும் விட்டிட்டு வந்த ஆக்கள்தான். என்ர அப்பாவின்ர படம் ஒண்டுகூட எங்களிட்ட இல்லை. இந்த வேலையில நான் லாபம் பார்க்க மாட்டன்" என்றார். அவரது கண் கலங்கியிருந்தது. அந்தக் கணத்தில்தான் நான் அவரை நம்பினேன். வேறு இரண்டு இடங்களில் விலை கேட்பதாக இருந்த எண்ணத்தை அன்றே கைவிட்டேன். நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன் நான். மனிதரை முகத்தில் வாசிக்கத் தெரியும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

கணக்கு இதுதான். சேர்வருக்கு 520,000, அதை ஏற்றும் றாக்குக்கு 60,000, மின்சாரம் போனால் சிறிது நேரம் தாங்குகின்ற யு.பி.எஸ். ஒன்றுக்கு 20,000, ஓராண்டுத் தொலைப் பராமரிப்புக்கு 85,000. மொத்தம் 685,000 ரூபாய். சேர்வர் பாவித்தது என்பதை அவர் மறைக்கவில்லை. அதனைப் புதுப்பித்து, நான்கு ஹார்ட் டிஸ்க்குகளையும் புத்தம்புதிதாகப் போட்டுத் தருவதாகச் சொன்னார்.

தை (ஜனவரி) மாதக் கடைசியில் இரண்டு பையன்களுடன் கொண்டுவந்து பூட்டினார்கள். றாக் என்பது நாங்கள் வீட்டில் இறாக்கை என்று சொல்வது போன்ற சாதாரணத் தட்டு அன்று. அதற்கு அளவு உண்டு. அகலம் 19 அங்குலம், உயரத்தை 'யு' என்ற அலகில் எண்ணுவார்கள், ஒரு யு என்பது 44.45 மில்லிமீற்றர். எங்களுடையது இரண்டு யு உயரமான இயந்திரம், நீளம் எழுபது சென்ரிமீற்றருக்கு மேல். அவர்கள் கொண்டுவந்ததோ இணைய ரவுட்டர்களை வைப்பதற்குச் சுவரில் அடிக்கின்ற, அறுபது சென்ரிமீற்றர் ஆழம்கூட இல்லாத பெட்டி. சேர்வரை இழுத்துத் தள்ளுவதற்குரிய தண்டவாளங்களும் வரவில்லை. ஒரு தகரத் தட்டில் தூக்கி வைத்து, பின்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, கதவைக் கழற்றிவிட்டுப் போனார்கள். கேட்டதற்கு, "காத்தோட்டம் நல்லாயிருக்கும் மாஸ்ரர்" என்றார். சேர்வர் அறை 18 இலிருந்து 27 பாகை வரை இருப்பது நல்லது என்று இந்தத் துறையினர் வகுத்து வைத்திருக்கிறார்கள். எங்கள் தகரக் கூரையின் கீழ் சித்திரை வெயிலில் என்ன வெப்பம் இருந்திருக்கும் என்பதை வன்னியில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மின்விசிறி போதும் என்றார். இயந்திரத்தில் இரண்டு மின்வழங்கிகள் இருந்தன, ஒன்றில்தான் கம்பி செருகியிருந்தது. யு.பி.எஸ். மேசைக் கணினிக்குப் போடுகின்ற சிறியது.

இவ்வளவையும் கண்ணால் பார்த்துக்கொண்டும் நான் பேசாமல் இருந்ததற்குக் காரணம் அடுத்து நடந்தது. நான்கு டிஸ்க்குகளும் ஒவ்வொன்றும் 2 ரெராபைற். அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பாவிக்கின்ற ரெயிட் 5 என்ற முறையில் போடுவதாகப் பேச்சு. அதில் ஒரு டிஸ்க்கின் அளவு பாதுகாப்புக்காகப் போய்விடும், 6 ரெராபைற்தான் பாவிக்கலாம், ஆனால் ஒரு டிஸ்க் பழுதானாலும் தரவு போகாது என்று முதல் நாளே அவர்தான் விளக்கியிருந்தார். பூட்டி முடித்துத் திரையைக் காட்டியபோது 7.27 என்று இருந்தது. கூடுதலாக இருக்கிறதே தம்பி என்று கேட்டேன். "ஊர் வேலை எண்டபடியால் உங்களுக்குக் கூடப் போட்டுத் தந்திருக்கிறன் மாஸ்ரர்" என்றார். நான் அவருக்கு நன்றி சொன்னேன். சங்கக் குறிப்பேட்டிலும் அந்த நன்றியை எழுதிவைத்தேன்.

அது ரெயிட் 0. நான்கு டிஸ்க்குகளிலும் தரவைத் துண்டு துண்டாகப் பரப்பி வைக்கும் முறை. அளவு முழுவதாகக் கிடைக்கும், 8 ரெராபைற் விண்டோஸ் கணக்கில் 7.27 என்று தெரியும். பாதுகாப்பு எள்ளளவும் இல்லை. நான்கில் ஒன்று போனால் நான்கும் போனதற்குச் சமம். பதினோராயிரம் கோப்புகளை நாங்கள் ஆறு மாதங்களாக அதில் ஏற்றிக்கொண்டிருந்தோம். வேறொரு பிரதி எடுத்துவைக்கட்டுமா என்று கேட்டபோது, "ரெயிட் இருக்கேக்க பக்கப் எதுக்கு?" என்று சொன்னவரும் அவரே.

இனித் தொலைப் பராமரிப்பைப் பற்றிச் சொல்கிறேன். 85,000 ரூபாய் வாங்கிய வேலை அது. இப்படியான சேர்வர்களுக்குள் தனியாக ஒரு சிறு கணினி இருக்கிறது. டெல்லில் ஐடிராக் என்றும் எச்.பி.யில் ஐலோ என்றும் சொல்வார்கள். அதற்கென்று தனியான வலைப்பின்னல் துளை உண்டு. சேர்வர் அணைந்திருந்தாலும், மின்கம்பி செருகியிருக்கும்வரை அது விழித்திருந்து, வெப்பம், மின்விசிறி, மின்வழங்கி, டிஸ்க் எல்லாவற்றையும் கவனித்துப் பதிவேட்டில் எழுதும். சொல்லி வைத்தால் மின்னஞ்சலும் அனுப்பும். வவுனியாவில் இருந்தபடியே ஒவ்வொரு நாளும் பார்ப்பேன் என்று அவர் சொன்னது இதனை வைத்துத்தான். அதன் கடவுச்சொல்லை எங்களுக்கும் தரும்படி நான் மூன்று தடவைகள் கேட்டேன். பாதுகாப்புக்காக வெளியில் கொடுப்பதில்லை என்றார்.

ஆவணி (ஓகஸ்ட்) 4 ஆம் திகதி காலையில் சேர்வர் எழும்பவில்லை. முன்பக்கத்தில் செம்மஞ்சள் விளக்கு. அழைத்தேன். "நாளைக்கு வாறன்" என்றார். அடுத்த நாள், "உங்கட கரண்ட் பிரச்சினை" என்றார். மூன்றாம் நாள் கடைப் பையன் ஒருவன் எடுத்து, அண்ணை சாப்பிடுகிறார் என்றான். அன்று மாலை வட்ஸ்அப்பில், வந்து பார்ப்பதற்குப் பயணச் செலவு 15,000 ரூபாய் என்று செய்தி வந்தது. தொலைவில் இருந்தே பார்ப்பதற்காக 85,000 வாங்கிய மனிதர் அனுப்பிய செய்தி அது. நான்காம் நாள் எங்கள் ஊர்த் தம்பி ஒருவனை அழைத்து வந்தோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அறிவியல்நகர் வளாகத்தில் பொறியியல் படிக்கின்றவன். அவன் தனது மடிக்கணினியை அந்தத் துளையில் செருகினான். தொழிற்சாலையில் இட்ட பெயரும் கடவுச்சொல்லும் மாற்றப்படாமல் அப்படியே இருந்தன. எவரும் இணையத்தில் தேடி எடுக்கக்கூடியவை. அதைத்தான் பாதுகாப்புக்காக எங்களுக்கு மறைத்திருக்கிறார். அதுவும் போதாதென்று, ரவுட்டரில் வழி திறந்து அந்தப் பக்கத்தை முழு உலகுக்கும் தெரியும்படி விட்டிருந்தார். இந்த வகைக் கட்டுப்பாட்டுக் கணினிகளை இணையத்தில் திறந்து விடாதீர்கள் என்று அமெரிக்க அரசின் கணினி அவசர உதவிக் குழு 2013 ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருக்கிறது. எங்கள் ஊராரின் காணி உறுதிகள் அதற்குப் பின்னால்தான் இருந்தன.

பதிவேட்டைத் திறந்து தம்பி எனக்குக் காட்டினான். வைகாசி (மே) 22 ஆம் திகதி: இரண்டாம் டிஸ்க் விரைவில் பழுதாகும். அதன் பிறகு மீண்டும் மீண்டும் அதே எச்சரிக்கை. ஆவணி 4 வரை எண்ணினால் 74 நாட்கள். எழுபத்து நான்கு நாட்களாக அந்த இயந்திரம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. மின்னஞ்சல் முகவரி எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. சேர்வரின் திரையைத் தொலைவில் இருந்து பார்ப்பதற்குரிய உரிமமும் போடப்படவில்லை. அந்த 74 நாட்களில் ஒரு நாள் பார்த்திருந்தால், கோப்புகளை வேறிடத்துக்கு மாற்றியிருக்கலாம். இரண்டு வெளி டிஸ்க்குகள் போதும். பெருங்கோபம் எனக்கு இதில்தான். பழைய சாமானைப் புதிது என்று விற்பவரைக்கூட ஒருவகையில் விளங்கிக்கொள்ளலாம், காவலுக்குக் கூலி வாங்கிவிட்டு ஒரு தடவைகூடத் திரும்பிப் பாராதவரை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

மிஞ்சிய மூன்று டிஸ்க்குகளும் ஓடிய மணித்தியாலங்களை அவன் எடுத்துப் பார்த்தான். ஒன்று 51,000 மணித்தியாலம். ஓர் ஆண்டுக்கு 8,760 மணித்தியாலங்கள். புத்தம்புதியது என்று தந்த டிஸ்க் ஐந்தே முக்கால் ஆண்டுகளுக்கு மேல் எங்கோ இரவு பகலாக ஓடித் தேய்ந்தது.

வவுனியாவுக்குப் பேருந்தில் போனேன். மூன்று மணித்தியாலம் கடை வாங்கிலில் இருந்தேன். முதலாளி கொழும்புக்குப் போய்விட்டார் என்றார்கள். அவர் எங்களிடம் வந்த வான் கடைக்குப் பின்னால் நின்றது. அன்றிரவு வந்த கடைசிச் செய்தி: "வொறன்ரி சாமானுக்குத்தான், டேட்டாவுக்கு இல்லை. உங்களுக்கு சேர்வர் வைச்சுப் பாவிக்கத் தெரியாது." அதன் பிறகு தடை.

வாங்குபவர்களுக்கு விரிவாக ஆலோசனை எழுத வேண்டும் என்றுதான் தொடங்கினேன், இப்போது மனம் நிதானமாக இல்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். பணம் கொடுக்கும் முன் டிஸ்க் ஓடிய மணித்தியாலத்தைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். ரெயிட் எந்த இலக்கம் என்பதை உங்கள் கண்ணால் பாருங்கள். எதிர்பார்த்ததைவிட இடம் கூடுதலாக இருந்தால் மகிழ வேண்டாம், கேள்வி கேளுங்கள். ரெயிட் எதுவானாலும் வேறொரு பிரதி வேறொரு கட்டடத்தில் இருக்கட்டும். கட்டுப்பாட்டுக் கணினியின் கடவுச்சொல்லை மாற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எச்சரிக்கை மின்னஞ்சல் உங்களுக்கும் வரவேண்டும். பற்றுச்சீட்டில் ஒவ்வொரு பொருளின் தொடர் இலக்கமும் இருக்கட்டும். எங்களுடைய பற்றுச்சீட்டில், 685,000 ரூபாய்க்கு நேரே, "கணினி 1" என்று மட்டும் எழுதியிருக்கிறது.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு நாளை அழைக்கவிருக்கிறேன். ஊரவர்களிடம் ஒரு வேண்டுகோள்: வருடுவதற்குத் தந்துவிட்டுத் திரும்ப வாங்கிப்போன உறுதிகளையும் படங்களையும் தயவுசெய்து எவருக்கும் கொடுத்துவிடாமல் வைத்திருங்கள். பிள்ளைகள் திங்கட்கிழமையிலிருந்து மீண்டும் வீடு வீடாக வருவார்கள்.