கப்பல் டிக்கெட்டுக்கு டிராவல்ஸ் தேவையா? புதுச்சேரி, கடலூர் சேவை பற்றி ஒரு மதிப்பீடு

சென்னைத் துறைமுகத்தில் ஏறி இலங்கையைத் தொட்டுத் திரும்பும் சில நாள் உல்லாசக் கப்பல் பயணமானாலும், சிங்கப்பூர் போய் அங்கே ஏறும் பெரிய கப்பலானாலும், பத்து நிமிடத்தில் கைபேசியிலேயே பணம் கட்டிவிடலாம். பிறகு எதற்கு டிராவல்ஸ் படியேற வேண்டும்? முதல் முறை போகிறவர்களும், வயதான பெற்றோரைக் கூட்டிப் போகிறவர்களும் ஏறத்தான் வேண்டும். ஆனால் கடையை எடைபோட ஒரு வழி உண்டு. விலையை முதலில் சொல்கிறவரைவிட, பாஸ்போர்ட்டை முதலில் கேட்கிறவர் வேலை தெரிந்தவர்.

காரணம், நம் பெயர்கள். இனிஷியலோடு வாழ்கிறவர்களின் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் வெறுமையாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே போயிருக்கும். கப்பல் புக்கிங்கிலோ முதல் பெயர், கடைசிப் பெயர் என இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் நகர முடியாது. ஆதாரில் உள்ளபடி ‘எஸ். கலைவாணி’ என்று அடித்துவிட்டால் செக்-இன் மேசையில் நிற்க வேண்டியதுதான். அதே பயணத்துக்கு விமான டிக்கெட்டும் இருந்தால் மூன்று இடத்திலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். நல்ல ஆலோசகர் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகப் பார்த்துத்தான் அடிப்பார். திரும்பி வரும் தேதியிலிருந்து 6 மாதம் செல்லுபடி இருக்கிறதா என்றும் அங்கேயே பார்த்துவிடுவார்.

புதுச்சேரிக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. ஒரே வீட்டில் கணவருக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட், மனைவிக்கு இந்திய பாஸ்போர்ட் என்பது இங்கே சாதாரணம். இந்திய எல்லையைத் தாண்டும் கப்பலில் இருவருக்கும் விதி வேறு. பிரெஞ்சு பாஸ்போர்ட்காரர் திரும்பி சென்னையில் இறங்கும்போது ஓ.சி.ஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவர் விசா இல்லாமல் வந்துபோகத் தரும் அட்டை) கையில் இருக்க வேண்டும்; கைபேசியில் படம் மட்டும் போதும் என்று நம்பிப் போகக் கூடாது. ஒருமுறை நுழைவு விசாவில் வந்திருப்பவர் கப்பலேறினால் அந்த விசா அதோடு முடிந்தது. 20 வயதுக்கு முன் ஓ.சி.ஐ எடுத்த பிள்ளைகள், 20 தாண்டிப் புது பாஸ்போர்ட் வாங்கியதும் அட்டையை ஒருமுறை மாற்றியாக வேண்டும். இதையெல்லாம் நாம் கேட்காமலே எடுத்துச் சொல்லும் அலுவலகங்கள் புதுச்சேரியில் இருப்பது பெரிய பலம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில் மட்டும் நாமே ஒரு கண் வைக்க வேண்டும்: மத்தியதரைக் கடல் கப்பல் நடுவில் துருக்கிக்குப் போய் மறுபடி கிரேக்கத்துக்குள் வந்தால், ஒற்றை நுழைவு விசா பத்தாது.

அடுத்தது கேபின், அதாவது கப்பலில் தங்கும் அறை. ‘இன்டீரியர் (ஜன்னல் இல்லாதது), ஓஷன் வியூ (கடல் தெரியும் ஜன்னல் உள்ளது), பால்கனி, எது வேண்டும்?’ என்று கேட்டு நிறுத்திக்கொள்வது அரை வேலை. டெக் பிளானை, அதாவது கப்பலின் தள வரைபடத்தை, மேசையில் விரித்து, கேபினுக்கு மேலே என்ன, கீழே என்ன என்று காட்ட வேண்டும். நீச்சல் குளத்துக்கு நேர் கீழே எடுத்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம். நாடக அரங்குக்கு மேலே எடுத்தால் இரவு அதிர்வு. குமட்டல் வருகிறவருக்குக் கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த் தளம்தான் சரி, ஆட்டம் அங்கே குறைவு. முன்பக்கம் உயரத்தில் பால்கனி எடுத்துவிட்டு வாந்தி மாத்திரையோடு படுத்துக் கிடப்பதில் என்ன லாபம்? மலிவாக வரும் ‘கியாரண்டி’ கேபினில் வகை மட்டும்தான் உறுதி; அறை எண்ணைக் கப்பல் கம்பெனிதான் கடைசியில் ஒதுக்கும். மூட்டுவலி உள்ளவருக்கு அதை விற்கக் கூடாது. நான்கு பேர் அறையில் இரண்டு படுக்கை சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும், ஏணியில் ஏறித்தான் படுக்க வேண்டும். பாட்டிக்கு அது ஆகாது.

‘அறை காலியாகத் தெரிகிறது, நாலு பேருக்குத் தர மாட்டேன் என்கிறார்களே’ என்று பலர் ஏஜென்ட் மீது கோபப்படுகிறார்கள். தவறு அவர் பக்கம் இருக்காது. அவசரத்தில் கூட வேண்டிய இடமும் உயிர்காப்புப் படகும் பகுதிவாரியாக ஒதுக்கப்பட்டவை. அந்தப் பகுதியில் ஆள் கணக்கு நிரம்பிவிட்டால், இரண்டு பேருக்குக் கிடைக்கும் அறை நான்கு பேருக்குக் கிடைக்காது.

பணம். பெரும்பாலும் கமிஷனைத் தருவது கப்பல் கம்பெனிதான், அதுவும் கேபின் கட்டணத்துக்கு மட்டும். உதாரணத்துக்கு மொத்தம் 80,000 ரூபாயில் 20,000 துறைமுகக் கட்டணமும் வரியும் என்றால், 10 சதவீதக் கமிஷன் 60,000க்குத்தான்: 6,000. அதற்குள் பெயர் திருத்தம், விசா, பத்து இருபது போன் அழைப்புகள். ஆகவே சேவைக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை கேட்டால் அது நியாயம்தான், முன்கூட்டியே சொல்லி ரசீதில் எழுதினால். நியாயமில்லாதது, ‘எல்லாம் சேர்த்து’ என்று ஒரே தொகை சொல்லிவிட்டு, டிப்ஸ் என்கிற தினசரிக் கட்டணத்தைக் கப்பலில் போய்த் தெரிந்துகொள்ள விடுவது. கேபின், துறைமுகக் கட்டணம், வரி, டிப்ஸ் நான்கையும் தனித்தனி வரியாக எழுதி வாங்குங்கள். இலங்கைப் பயணமென்றால் ஈ.டி.ஏ (ஆன்லைனில் வாங்கும் நுழைவு அனுமதி) எடுப்பது கம்பெனியா பயணியா என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

நம் ஊர் அலுவலகங்கள் சறுக்குவது புக்கிங்குக்குப் பிறகுதான். வெளிநாட்டுக் கப்பல்களுக்கு அட்வான்ஸ் கட்டி, மீதியைப் பெரும்பாலும் 60 முதல் 90 நாள் முன்பு கட்ட வேண்டும். அந்தக் கெடுவுக்கு முன் விலை இறங்கினால், கேட்டால் குறைத்துத் தரும் கம்பெனிகள் உண்டு. கேட்க வேண்டியது ஏஜென்ட். அவர் அதைத் தானாகப் பார்ப்பது அரிது. கேன்சல் கழிவு எந்தத் தேதியில் எவ்வளவு என்ற அட்டவணையை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி வாங்கிவிடுங்கள். கர்ப்பிணி இருந்தால் பயணம் முடியும் நாளில் 24 வாரம் ஆகியிருக்கக் கூடாது என்பது பெரும்பாலான கம்பெனிகளின் விதி. கைக்குழந்தைக்குக் குறைந்தது 6 மாதம் ஆகியிருக்க வேண்டும்.

சென்னை வரை போகும் வழியையும் இதே ஆலோசகர் கணக்கில் எடுக்கிறாரா? புதுச்சேரியிலிருந்து ஈ.சி.ஆரில் சுமார் 150 கிலோமீட்டர், கடலூர்க்காரர்களுக்கு இன்னும் 20க்கு மேல். மாமல்லபுரம் நெரிசல், நகருக்குள் பாரிமுனைப் பக்கம் லாரிகள். மாலைக் கப்பலுக்குக் காலை 6 மணிக்குக் கிளம்பச் சொல்கிறவர் பயமுறுத்தவில்லை. கப்பல் புறப்படும் நேரம் வேறு, ஏறுவதை மூடும் நேரம் வேறு.

புதுச்சேரியிலேயே ஏறலாமா என்று கேட்கிறவர்கள் அதிகம். 2022 ஜூனில் வந்த கோர்டிலியா கப்பலுக்கு இங்கே பயணிகளை இறக்க அனுமதி கிடைக்கவில்லை. 2025 ஜூலையில் வந்தபோது கடலில் நங்கூரமிட்டு, சிறு படகில்தான் ஆட்களைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். இப்படிப் படகு மாறும் துறைமுகங்களில் சக்கர நாற்காலிக்காரர் பெரும்பாலும் கப்பலிலேயே தங்கிவிட நேரும். அதைப் பணம் கட்டும் முன்பே சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணம் பார்க்க மட்டும் ஆசை என்று வருகிறவரிடம், ‘உங்களுக்கு உல்லாசக் கப்பல் வேண்டாம்; நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் படகுச் சேவை இருக்கிறது, ஓடுகிற நாளைப் பார்த்துப் போங்கள்’ என்று சொல்லும் ஏஜென்ட் கமிஷனை இழக்கிறார். அப்படி ஒருவர் கிடைத்தால் அடுத்த பயணத்துக்கும் அவரிடமே போங்கள்.

கிளம்பும் முன் கடைசியாக அவர் தர வேண்டியது லக்கேஜ் டேக்கும் தடை செய்யப்பட்ட பொருள் பட்டியலும். அயர்ன் பாக்ஸ், கெட்டில், சூடம், ஊதுபத்தி எல்லாம் பரிசோதனையில் போய்விடும். பெட்டி அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகலாம் என்பதால் சர்க்கரை மாத்திரையும் பாஸ்போர்ட்டும் கைப்பையில் இருக்கட்டும். கரையை விட்டதும் கைபேசியை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். கப்பலின் நெட்வொர்க்கைத் தானாகப் பிடித்தால் ரோமிங் பில் எகிறிவிடும்.