எல்லையோர ஊரை ஆராய: புவியியலா, கல்வியியலா, மொழியியலா?

முதுகலை முடித்துவிட்டு முனைவர் பட்டத்துக்கு என்ன எடுக்கலாம் என்று கேட்கும் கடலூர், பாகூர், நெல்லிக்குப்பம் பக்கத்துப் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது, தலைப்பைத் தேடி எங்கேயும் அலையாதீர்கள், வாசலிலேயே ஓர் எல்லை கிடக்கிறது என்பதுதான். ஆல்பேட்டை தாண்டி முள்ளோடை வந்தால் புதுச்சேரி. அதுவும் ஒரே கோடாக ஓடுகிற எல்லை இல்லை. புதுச்சேரி வட்டாரமே கடலூர், விழுப்புரம் மாவட்ட ஊர்களுக்கு நடுவில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பதால், வயல் வரப்பைத் தாண்டினாலே அரசாங்கம் மாறிவிடும் இடங்கள் உண்டு. இரண்டு பக்கமும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறார்கள், ஒரே கடைத்தெருவுக்குப் போகிறார்கள். ஆனால் பள்ளிக்கூடம் வேறு, ரேஷன் அட்டை வேறு, 1954 வரை அந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி.

சரி, இதை எந்தத் துறையில் சேர்ந்து ஆராய்வது? என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மொழியியல். ஆனால் மற்ற இரண்டையும் நியாயமாகப் பார்த்துவிட்டுத்தான் அங்கே வர வேண்டும்.

கல்வியியல்தான் பலருக்கும் முதலில் தோன்றுவது, அதில் தப்பே இல்லை. புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகள் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில்தான் ஓடின. மாஹே கேரளத்தையும் ஏனாம் ஆந்திரத்தையும் பின்பற்றின. தொடக்க வகுப்புகள் முன்பே மாறிவிட, 2024-25 கல்வியாண்டில் மேல் வகுப்புகளும் சிபிஎஸ்இக்கு மாறத் தொடங்கின. எல்லைக்கு இந்தப் பக்கம் சமச்சீர்க் கல்விப் புத்தகமும் 1968லிருந்து இருமொழிக் கொள்கையும். வீட்டுப் பேச்சு, சாப்பாடு, அப்பா அம்மா பார்க்கும் வேலை எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிற பிள்ளைகள், பக்கத்துப் பக்கத்து ஊரில் இருந்துகொண்டு வேறு வேறு புத்தகம் படிக்கிறார்கள். பாடத்திட்டம் என்ன செய்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல களம் கிடைப்பது கஷ்டம்.

தரவும் ஓரளவு தயாராக இருக்கிறது. பள்ளிவாரியாக எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள், என்னென்ன வசதி என்பதை மத்திய அரசின் பள்ளித் தகவல் தளமான யூடைஸ் பிளஸில் எடுத்துவிடலாம். பிள்ளைகள் என்ன கற்றிருக்கிறார்கள் என்பதற்கு 2021 நவம்பரில் தேசிய அடைவு ஆய்வு நடந்தது, 2024 டிசம்பரில் அதே மாதிரி நாடு தழுவிய பரக் ஆய்வு நடந்தது. ஆனால் முதலாவது 3, 5, 8, 10ஆம் வகுப்புகளை எடுத்தது, இரண்டாவது 3, 6, 9 வகுப்புகளை எடுத்தது, அதனால் மூன்றாம் வகுப்பைத் தவிர நேருக்கு நேர் வைத்துப் பார்க்க முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல், இந்த ஆய்வுகள் மாவட்ட அளவில்தான் பேசும். நமக்கு வேண்டியது எல்லைக்கு இந்தப் பக்கம் ரெட்டிச்சாவடிப் பிள்ளையும் அந்தப் பக்கம் கிருமாம்பாக்கத்துப் பிள்ளையும். மாவட்டச் சராசரி என்று எடுத்தால் நெய்வேலி, விருத்தாசலம், காட்டுமன்னார்கோயில் எல்லாம் உள்ளே வந்து எல்லையே காணாமல் போய்விடும். ஆக, நீங்களே வகுப்பறைக்குப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும், அதற்குக் கடலூரில் முதன்மைக் கல்வி அலுவலரிடம் ஒரு அனுமதி, புதுச்சேரியில் பள்ளிக் கல்வி இயக்ககத்தில் ஒரு அனுமதி, பெற்றோர் ஒப்புதல், பல்கலைக்கழக நெறிமுறைக் குழு என்று வரிசையாக நிற்கும். இந்த அலைச்சலுக்குப் பயந்துதான் பலர் ஆசிரியர்களிடம் வினாத்தாள் கொடுத்து, 'முற்றிலும் ஏற்கிறேன், ஏற்கிறேன்' கட்டங்களில் டிக் வாங்கி, ஆண் ஆசிரியர் பெண் ஆசிரியர் வித்தியாசம் பார்த்து முடித்துவிடுகிறார்கள். அந்த மாதிரி ஆய்வேடு இன்னொன்று நமக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

புவியியலில் தொடங்குவது சுலபம், செலவும் குறைவு. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபட விதிகளைத் தளர்த்தியபின் இந்திய நில அளவைத் துறையின் வரைபடங்கள் எளிதாகக் கிடைக்கின்றன, செயற்கைக்கோள் படங்களுக்கு இஸ்ரோவின் புவன் தளம் இருக்கிறது, வரைபடம் செய்யும் கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். விஷயத்துக்கும் பஞ்சமில்லை. 1690ல் கடலூரின் புனித டேவிட் கோட்டையை ஆங்கிலேயர் வாங்கியபோது பீரங்கிக் குண்டு விழுந்த தூரம் வரை உள்ள ஊர்களும் சேர்த்தே கைமாறின என்பார்கள், குண்டு உப்பலவாடி என்ற பெயர் இன்றும் இருக்கிறது. 1980களின் இறுதியில் கட்டிய புதுச்சேரித் துறைமுக அலைத்தடுப்பு, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்துவிட, வடக்கே கரை அரித்துப்போனது. 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30ல் 'தானே' புயல், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல், அதைத் தொடர்ந்து தென்பெண்ணை வெள்ளம் என்று இந்தக் கரை வாங்கிய அடிகளை மட்டும் வைத்தே ஓர் ஆய்வேடு எழுதலாம். பிரெஞ்சு நிறுவனம் 1955லிருந்து புதுச்சேரியில் இருக்கிறது, தாவர வரைபடங்களில் அவர்களுடைய உழைப்பு பெரியது, நூலகமும் நல்ல நூலகம். எனக்கு இருக்கும் குறை ஒன்றே ஒன்று: செயற்கைக்கோள் படம் வெள்ளம் எதுவரை வந்தது என்று காட்டும், எந்த வீட்டார் எந்தப் பக்கத்து நிவாரணத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள் என்று காட்டாது.

அப்புறம் மொழியியல். இங்கே தயாராகக் கிடைக்கும் தரவு மிகக் குறைவு, அதுவே நான் இதைச் சொல்லக் காரணம். ஆங்கிலேய அரசு அதிகாரியும் மொழி அறிஞருமான கிரியர்சன் 1894ல் தொடங்கி 1928 வரை நடத்திய இந்திய மொழியியல் ஆய்வில் மதராஸ் மாகாணம் சேரவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தாய்மொழி எது, வேறு என்ன இரண்டு மொழி தெரியும் என்று கேட்கும். கடலூர்ப் பக்கத்துத் தேவனாம்பட்டினத்துக்காரர் பேசும் தமிழும் புதுச்சேரிப் பக்கத்து வீராம்பட்டினத்துக்காரர் பேசும் தமிழும் அதில் ஒரே 'தமிழ்' என்றுதான் பதிவாகும். எல்லை பேச்சுக்குள் நுழைந்திருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் போய் ஒலிப்பதிவு செய்தே ஆக வேண்டும்.

எப்படிச் செய்வது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வடமாவட்டப் பேச்சில் ழகரம் யகரமாகும், 'பழம்' என்பது 'பயம்' என்று ஒலிக்கும். இதைச் சோதிக்க வாழைப்பழத்தைக் காட்டி "இது என்ன ஆயா?" என்று கேட்டால், மேசைமேல் பதிவுக் கருவி இருப்பதைப் பார்த்துக்கொண்டே அவர் நிதானமாக "வாழைப்பழம்" என்பார். அதை நம்பி எழுதினால் போச்சு. அதே ஆயாவிடம் 'தானே' புயல் அடித்த ராத்திரி என்ன ஆச்சு என்று கேளுங்கள். கூரை போனது, மாடு கத்தினது, வாழைத் தோப்பு மொத்தமும் சாய்ந்தது என்று வேகம் பிடிக்கும்போது "வாயமரம்" தானாக வந்து விழும். நியூயார்க்கில் 1960களில் மொழியியலாளர் லபோவ், சாவின் விளிம்புக்குப் போன அனுபவம் உண்டா என்று கேட்டதும் இதற்காகத்தான்: கவனித்துப் பேசாத பேச்சைக் கவனிப்பதுதான் இந்தத் துறையின் அடிப்படைச் சிக்கல். அவரைப் போலவே வயது, படிப்பு, ஆண் பெண் என்று பிரித்துக் கணக்கிட வேண்டும், நம் ஊரில் சாதியையும் சேர்க்காமல் முடியாது. அதன் மேல் எல்லை என்ற இன்னொரு பிரிவையும் வைத்துப் பாருங்கள், சிபிஎஸ்இ படிக்கும் பேத்தி என்ன பேசுகிறாள் என்ற கேள்வியும் அங்கேயே வந்துவிடும்.

செலவு நேரம்தான். ஒலியை அளக்கும் பிராட், பதிவை எழுத்தாக்க உதவும் ஈலான் இரண்டு மென்பொருளும் இலவசம். ஆனால் ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்கப் பல நாள் உட்கார வேண்டும், பொறுமை இல்லாதவர் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

உதவித்தொகையில் மூன்றுக்கும் வித்தியாசமில்லை. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் எனும் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதி. வேலை என்று பார்த்தால் கல்வியியலுக்குத்தான் இடம் அதிகம், பி.எட். கல்லூரிகள் இருக்கின்றன. மொழியியலில் ஆசிரியப் பணியிடங்கள் குறைவு, இதை மறைத்துப் பேசுவது சரியில்லை; மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இருக்கிறது, பேச்சுத் தொழில்நுட்ப வேலைகளுக்கு இப்போது ஒலிப்பதிவும் எழுத்தாக்கமும் தெரிந்த ஆள் தேவைப்படுகிறது. வீட்டில் உடனே சம்பளம் வேண்டும் என்ற நிலை இருந்தால் கல்வியியல் எடுங்கள், ஆனால் வினாத்தாளை விட்டு வகுப்பறைக்குப் போங்கள்.

மற்றவர்களுக்கு என் யோசனை: மொழியியலில் பதிவு செய்துகொண்டு, ஊர்த் தேர்வைப் புவியியல் முறையில் செய்யுங்கள். கரையோரம் நல்லவாடு, பனித்திட்டு, தாழங்குடா, தேவனாம்பட்டினம்; உள்ளே பாகூர்ப் பக்கம் எல்லைக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு ஊர். கரையில் காற்றின் பெயர்களையும், உள்ளே நெல், கரும்பு வேலைச் சொற்களையும் கேட்கலாம். சேருவதற்கு முன் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக மொழியியல் உயராய்வு மையத்துக்கும் லாஸ்பேட்டையில் உள்ள புதுவை மொழியியல் பண்பாட்டு ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் நேரில் போய், களப்பணிக்கு உங்களோடு கூட வரக்கூடிய நெறியாளர் யார் என்று விசாரியுங்கள்.