ஏழு தனி ஃபைபரா, ஒரே ஏழு-கோர் ஃபைபரா: டிலே லைனுக்கு என் தேர்வு

ஃபேஸ்டு அரே ஆன்டெனாவின் (பல சிறு உறுப்புகளை அடுக்கிய ஆன்டெனா) கதிரைத் திருப்ப, ஒவ்வொரு உறுப்புக்கும் போகும் சிக்னலைப் படிப்படியாகத் தாமதப்படுத்த வேண்டும். அந்தத் தாமதத்தைத் தரும் ஃபைபர் பாதைதான் டிலே லைன். அதற்கு நான் எடுத்தது மல்டிகோர் ஃபைபர், அதாவது ஒரே கண்ணாடி இழைக்குள் ஒளி போகும் பாதைகள் (கோர்கள்) ஏழு இருப்பது.

தனித்தனி சிங்கிள் மோட் ஃபைபரின் (ஒரே கோர் உள்ள சாதாரண ஃபைபர்) வசதிகள் தெரிந்தவைதான்: விலை குறைவு, எங்கும் கிடைக்கும், ஒட்டுவது சுலபம், ஒன்று போனால் அதை மட்டும் மாற்றலாம். வெட்டும்போது ஒரு மில்லிமீட்டர் பிசகினால் 5 பிக்கோ நொடி (ஒரு பிக்கோ நொடி என்பது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) பிசகும், அதையும் சரிக்கட்டிவிடலாம்.

கட்டுப்படாதது வெப்பநிலை. சிலிக்கா ஃபைபரில் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் கிலோமீட்டருக்குச் சுமார் 40 பிக்கோ நொடி தாமதம் கூடும். 5 கிலோமீட்டர் சுருள்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றின் மேல் மட்டும் ஏசி காற்று பட்டு 0.1 டிகிரி வித்தியாசம் வந்தாலே 20 பிக்கோ நொடி விலகும். 10 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அது 72 டிகிரி ஃபேஸ் (ஒரு முழு அலையில் ஐந்தில் ஒரு பங்கு), கதிர் கலைந்துவிடும். மல்டிகோரில் ஏழு கோரும் ஒரே கண்ணாடிக்குள் இருப்பதால் சூடு எல்லாவற்றுக்கும் சேர்ந்தே ஏறுகிறது, கோர்களுக்கு இடையிலான வித்தியாசம் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. கோருக்குக் கோர் டோப்பிங் (கண்ணாடியில் கலக்கும் பொருளின் அளவு) வேறு வேறு என்பதால் முழுக்க ரத்தாகாது, ஆனால் மிஞ்சுவது மிகச் சிறியது.

ஏழு கோரும் ஒரே மாதிரி இருந்தால் இந்த வேலைக்கு உதவாது, ஒவ்வொன்றிலும் கிரேட்டிங் (குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும் நுண் வரிகள்) எழுத வேண்டிவரும். அதனால்தான் ஸ்பெயினின் வலென்சியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இவானா கசுல்லா, ஹோசே கப்மனி குழுவினர் கோர்களை வேண்டுமென்றே வேறுபடுத்தினார்கள். கோரின் ஆரம், ஜெர்மேனியம் அளவு, சுற்றியுள்ள டிரெஞ்சின் (ஒளிவிலகல் எண் குறைந்த வளையம்) அகலம், அது கோரிலிருந்து தள்ளியிருக்கும் தூரம், இவற்றை மாற்றி மாற்றி அமைத்து, 1550 நானோமீட்டரில் எல்லாக் கோருக்கும் ஒரே தாமதமும், டிஸ்பர்ஷன் (அலைநீளம் மாறினால் தாமதம் எவ்வளவு மாறும் என்ற அளவு) மட்டும் கோருக்குக் கோர் படிப்படியாக ஏறுவதும் வரும்படி செய்வதுதான் இதன் அழகு. படி ஒன்றுக்கு நானோமீட்டருக்கும் கிலோமீட்டருக்கும் 1 பிக்கோ நொடி என்று வைத்துக்கொண்டால், 5 கிலோமீட்டரில் லேசரை 10 நானோமீட்டர் நகர்த்தியதும் அடுத்தடுத்த கோர்களுக்கு இடையில் 50 பிக்கோ நொடி வந்துவிடும். லேசரைத் திருகினால் போதும், கதிர் திரும்பும்.

சிரமமும் உண்டு. குரூப் இண்டெக்ஸில் (ஒளித்துடிப்பு ஃபைபரில் எவ்வளவு மெதுவாகப் போகிறது என்ற எண்) லட்சத்தில் ஒரு பங்கு பிழையே கிலோமீட்டருக்கு 49 பிக்கோ நொடி, அதனால் ஃபைபரை இழுத்துத் தயாரித்த பிறகு வெளியே சின்னச் சின்ன டிலே சேர்த்துச் சமன் செய்துதான் ஆக வேண்டும். ஃபேன்-அவுட் (ஏழு கோரையும் தனித்தனி ஃபைபராகப் பிரிக்கும் கருவி) விலை கூடுதல், ஸ்ப்ளைஸில் (ஒட்டும்போது) ஃபைபரைச் சுழற்றிக் கோருக்குக் கோர் பொருத்த வேண்டும். இறுக்கிச் சுற்றினால் கிராஸ்டாக் (ஒரு கோரின் ஒளி இன்னொன்றில் கசிவது) ஏறும், பெரிய சுருளில் சுற்றுங்கள். என் அனுபவம் லேப் ரேக் அளவுக்குத்தான், வெளியில் கேபிளாகப் போட்டுப் பார்த்ததில்லை. உங்கள் டிலே சில மீட்டருக்குள் முடிந்துவிடும் என்றால் வெப்பநிலைச் சிக்கலே எழாது, தனி ஃபைபரே போதும்.