வெட்டுக்காட்டைச் செயற்கைக்கோளில் தேடி மூன்று சீசன்

கனடாவின் வான்கூவர் தீவில் மான் வேட்டைக்குப் போகிற யாரும் தன் வெட்டுக்காடு (மொத்தமாக மரம் வெட்டிய இடம்) எங்கே இருக்கிறது என்று சொல்ல மாட்டார். கூட வேலை செய்பவரிடம் ஒருமுறை கேட்டேன். சிரித்துவிட்டு சால்மன் மீனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். டக்ளஸ் ஃபிர், ஹெம்லாக் மரங்கள் மூடிய காட்டுக்குள் முப்பதடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. மரம் வெட்டிய இடத்தில்தான் வெயில் விழும், தழை முளைக்கும், கறுப்புவால் மான் மேய வரும். (இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டம் மான் வேட்டையைத் தடுக்கிறது, இங்கே பயிற்சி முடித்து உரிமம் வாங்கினால் போகலாம். அம்மாவுக்கு இது இன்னும் விளங்கவில்லை.)

யாரும் இடம் சொல்லாததால் 2023 முதல் கோப்பர்நிக்கஸ் பிரௌசரை நம்பி இருக்கிறேன். சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை இலவசமாகக் காட்டும் தளம் அது. சில நாளுக்கு ஒருமுறை புதுப் படம் வரும். கூகுள் எர்த்தில் சில இடங்களுக்குப் பல வருடப் பழைய படம்தான் கிடைக்கும்; அதில் அடர்காடாகத் தெரிந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தால் வெறும் அடிக்கட்டைகள் நிற்கும். சென்டினலின் துல்லியம் 10 மீட்டர்தான், அதாவது படத்தின் ஒரு புள்ளி தரையில் பத்து மீட்டர். மரத்தை எண்ண முடியாது, வெட்டின எல்லை நன்றாகத் தெரியும். சாதாரண நிறப் படத்தை விட்டுவிட்டு குற்றலை அகச்சிவப்பு (SWIR) படத்துக்கு மாற்றினால் காடு பச்சையாகவும், புதிதாக வெட்டிய இடம் செங்கல் நிறத்திலும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

முதல் சீசனில் நான் ஏமாந்ததும் அந்தச் செங்கல் நிறத்தில்தான். கேம்பெல் ரிவர் ஊருக்கு மேற்கே, இருப்பதிலேயே பளிச்சென்று தெரிந்த கட்டத்தைக் குறித்துக்கொண்டு இருட்டிலேயே கிளம்பினேன். விடிந்ததும் பார்த்தால் சேறு, கிளைக் குவியல், மரம் ஏற்றும் லாரிகள். ஒரு குளம்புத் தடம்கூட இல்லை. மண்ணில் ஒன்றும் முளைக்காத இடத்தில் மானுக்கு என்ன வேலை?

அப்புறம்தான் தேடும் முறையை மாற்றினேன். எனக்கு வேண்டியது வெட்டி மூன்று முதல் எட்டு வருடம் ஆன இடம். ஃபயர்வீடும் ஹக்கிள்பெரியும் காட்டு பிளாக்பெரியும் இடுப்பளவு வளர்ந்திருக்கும், நட்ட கன்று இன்னும் பார்வையை மறைக்காது. பதினைந்து, இருபது வருடத்தில் இளங்காடு மூடிக்கொண்டால் அடியில் தீனி போய்விடும். ஒரே இடத்தின் ஆகஸ்ட் படங்களை வருடவாரியாக ஒப்பிட்டால் எந்த வருடம் வெட்டினார்கள் என்று பிடித்துவிடலாம். 2015 முதல் படங்கள் இருக்கின்றன. இந்தத் தளத்தை நான் விடாமல் வைத்திருப்பது அதற்காகத்தான். மாகாண அரசின் ஐமேப்-பிசி வரைபடத்தில் வெட்டிய வருடத்தோடு கட்பிளாக் (வெட்டிய துண்டு நிலம்) எல்லையும் கிடைக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பேன்.

குறைகளும் உண்டு. அக்டோபர், நவம்பரில் மேகம் விலகாது. சரிவின் வடக்குப் பக்கம் நிழல் விழுந்து வெட்டின இடம் மாதிரியே தெரியும். ஒருமுறை அதை நம்பி ஏறினேன், அங்கே நின்றது முழுக்காடு. கைபேசியில் சிக்னல் இல்லாத இடத்தில் இந்தத் தளம் உதவாது. அதனால் வீட்டிலேயே இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஆஃப்லைன் வரைபடத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை, பாதையை மறிக்கும் கேட். தீவின் தென்கிழக்கில் 1880களில் ரயில்பாதைக்காகக் கொடுத்த நிலத்தில் பெரும்பகுதி இன்று தனியார் காடு. அருமையான ஐந்து வருட வெட்டு ஒன்றைக் கண்டுபிடித்து விடியுமுன் போனால் மஞ்சள் கேட்டில் பூட்டு தொங்கியது. நிலம் யாருடையது என்று செயற்கைக்கோள் சொல்லாது. இப்போது நில உரிமை வரைபடத்தைப் பார்க்காமல் வண்டியை எடுப்பதில்லை.

போன நவம்பரில், 2019இல் வெட்டிய ஒரு சரிவின் விளிம்பில், அடிக்கட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. காய்ந்த ஃபயர்வீட் தண்டுகளுக்கு மேலே இரண்டு காதுகள் மட்டும் திரும்பின. பெட்டை. அதற்குப் பின்னாலேயே கொம்புள்ள ஆண் மான் காட்டைவிட்டு வெளியே வந்தது.

போன வாரம் பழைய குறிப்புகளைப் புரட்டினேன். முதல் வருடம் சேற்றில் நின்று திரும்பிய அந்தக் கட்டம் இன்னும் குறித்தபடியே இருக்கிறது. இந்த ஆகஸ்ட் படத்தில் செங்கல் நிறம் மங்கி ஓரமெல்லாம் பச்சை ஏறியிருக்கிறது. கேட்டும் இல்லை, பார்த்துவிட்டேன்.