பலகைத் தரையில் படிந்த சாந்தும் பெயர் ஒட்டாத போத்தலும்: ஓர் எச்சரிக்கை

ஹட்டனிலிருந்து டிக்கோயா செல்லும் வீதியோரத்தில் உள்ள எங்கள் வீடு தோட்டத்துரைமார் காலத்தில் கட்டப்பட்டது. அதன் முன்னறைக்கும் படுக்கையறைக்கும் தேக்குப் பலகைத் தரை. சென்ற நவம்பரில் ஈரம் ஊறி உதிர்ந்துகொண்டிருந்த பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவதற்கு ஒப்பந்தக்காரர் ஒருவரை அமர்த்தினேன். சுவர்கள் நன்றாகவே அமைந்தன. தரை பாழானது. மலையகத்தில் இத்தகைய பழைய வீடுகளைத் திருத்துகின்றவர்கள் எனக்கு நேர்ந்ததை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் அவருடைய பெயரைக் குறிப்பிடவில்லை.

வேலையைப் பேசிய நாளில், “தரைக்கு ஒன்னும் ஆகாது டீச்சர், பொலித்தீன் விரிச்சுத்தான் வேலை செய்வோம்” என்று அவர் சொன்னார். அந்தச் சொல்லை நம்பி, அதை எழுத்தில் கேட்காமல் விட்டது என் தவறு. உண்மையில் விரிக்கப்பட்டவை பழைய செய்தித்தாள்கள். கொத்தி எடுத்த பூச்சு அவற்றின் மேல் விழுந்து மிதிபட்டு மாவாகியது. சீமெந்துச் சாந்தின் ஈரத்தில் தாள்கள் கிழிந்தன. பலகைகளுக்கு இடையிலுள்ள இடுக்குகளில் சுண்ணாம்புத் தூள் இறுகியது. வேலை முடிந்த மாலையில் தரை முழுவதும் வெண்படலமாக இருந்தது. ஆங்காங்கே சீமெந்துத் துளிகள் கல்லாக ஒட்டியிருந்தன.

தரையைத் துப்புரவாக்குவது ஒப்பந்தத்தில் இல்லை என்றும், கொழும்பிலிருந்து வரும் விசேட மருந்து ஒன்றால் மட்டுமே அதைச் செய்ய முடியும் என்றும், அதற்கு 35,000 ரூபா ஆகும் என்றும் அப்போது சொன்னார். நான் 20,000 ரூபாவை முற்பணமாகக் கொடுத்தேன், பற்றுச்சீட்டு கேட்கவில்லை. மறுநாள் பாடசாலை முடிந்து வந்தபோது, இரண்டு இளைஞர்கள் பெயர் எதுவும் ஒட்டாத போத்தலிலிருந்து எதையோ ஊற்றி இரும்பு நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். தரை நுரைத்தது. நெடி மூக்கை எரித்தது. அத்துடன் நில்லாமல், கறை போகும் என்று கருதிக் குளோரின் திரவத்தையும் சேர்த்து ஊற்ற அவர்கள் ஆயத்தமாக இருந்தார்கள். அந்தப் போத்தலில் இருந்தது அமிலம் என்பது பின்னர்தான் தெரிந்தது. அமிலத்துடன் குளோரின் திரவம் சேர்ந்தால் வெளிவரும் வாயு மூச்சை அடைத்து உயிருக்கே ஆபத்தாகக்கூடியது. மூடிய அறையில் அது நடந்திருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். அவர்களுக்குக் கையுறை கூடக் கொடுக்கப்படவில்லை.

விசேட மருந்து என்று சொல்லப்பட்டது, டைல் தரையில் ஒட்டிய சீமெந்தை நீக்குவதற்கு ஹாட்வெயார் கடைகளில் விற்கப்படும் ஐதரோகுளோரிக்கமிலமே. அது சுண்ணாம்பைக் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் மரத்தில் அது செய்யும் கேடு பல வாரங்களின் பின்னரே முழுமையாகத் தெரிய வந்தது. சுண்ணாம்பும் அமிலமும் சேர்ந்து உண்டாகும் கல்சியங் குளோரைட்டு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் உப்பு ஆகும். அது மரத்தின் துளைகளில் தங்கிவிட்டதால், பனிமூட்டமான காலைகளில் தரையில் திட்டுத் திட்டாக ஈரம் கசிந்தது. அமில ஆவியால் ஆணிகள் துருப்பிடித்தன. இரும்பு நாரிலிருந்து உதிர்ந்த துகள்களும் அந்தத் துருவும் மரத்திலுள்ள தனின் என்னும் துவர்ப்புப் பொருளுடன் சேர்ந்து கருநீலக் கறைகளாயின. துருப்பிடித்த பாத்திரத்தில் வைத்த தேயிலைச் சாயம் கறுத்துப்போவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இரண்டும் ஒரே வினைதான். வாளி வாளியாக ஊற்றிய தண்ணீரால் ஏழு பலகைகள் ஓரங்களில் எழும்பி நடுவில் குழிந்தன. ஒப்பந்தக்காரரை அழைத்துக் காட்டியபோது, மரம் ஏற்கனவே உளுத்திருந்தது என்றார். மீதி 15,000 ரூபாவையும் கேட்டார்.

பண்டாரவளையிலிருந்து வந்து பார்த்த, மரவேலை செய்யும் முதிய ஓடாவி ஒருவர்தான் எனக்கு எல்லாவற்றையும் விளக்கினார். “தண்ணிய விட மொதல்ல தூச எடுக்கணும் டீச்சர், ஈரம் பட்டா அது திரும்பவும் சாந்தாயிரும்” என்பது அவர் சொன்ன முதல் வார்த்தை. உலர்ந்த தூசை மென்மையான தூரிகை பொருத்திய தூசு உறிஞ்சும் இயந்திரத்தால், இடுக்குகள் உட்பட, முழுமையாக எடுத்துவிட வேண்டும். அந்தத் தூளில் மணல் இருப்பதால் அதற்கு முன் எதைக்கொண்டு தேய்த்தாலும் மெருகு கீறப்படும். ஒட்டிய கட்டிகளை மரத்தின் ரேகை செல்லும் திசையில் பிளாஸ்டிக் அல்லது மரத் தகட்டால் மெல்லக் கிளப்ப வேண்டும். அதன் பின்னரே ஈரத்துணி. அதுவும் பிழிந்தால் சொட்டு விழாத அளவு ஈரம் போதும். ஒரு முழம் இடத்தைத் துடைத்து, உடனே உலர்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு அடுத்த இடத்துக்குச் செல்ல வேண்டும். தண்ணீர் பால்போல் மாறியவுடன் கொட்டிவிட்டுப் புதிது எடுக்க வேண்டும். காய்ந்த பின் மீண்டும் வெண்மை தெரிவது பெரும்பாலும் கலங்கிய நீரால் துடைத்ததன் விளைவே. இரண்டு மூன்று முறை பொறுமையாகச் செய்தால் அது போய்விடும். அப்போதும் எஞ்சும் சுண்ணாம்புப் படலத்துக்கு, ஒரு லீற்றர் தண்ணீரில் ஓரிரு கரண்டி வெள்ளை வினாகிரி கலந்து, அலுமாரிக்கு அடியில் மறைவான ஒரு மூலையில் சோதித்த பிறகு பயன்படுத்தலாம். வார்னிஷ் பூசிய தரையில் தூள் மேலேயே நிற்பதால் வேலை எளிது. எங்களுடையதைப்போல மெழுகு மட்டும் இட்ட தரையில் அது ரேகைக்குள் இறங்கிவிடும். அங்கே அவசரப்படவே கூடாது.

என் தரைக்கு அந்தக் கட்டம் கடந்துவிட்டிருந்தது. அவர் அப்பச்சோடா கரைத்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அமிலத்தைத் தணித்து, மழை குறைந்த ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் தரையைக் காயவிட்டு, ஒட்சாலிக் அமிலக் கரைசலால் கருங்கறைகளை நீக்கி, பின்னர் சேண்ட் பேப்பர் இட்டு மெழுகினார். ஒட்சாலிக் அமிலம் நஞ்சு. கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் எவரும் அதைத் தொடக்கூடாது. இந்த வேலைக்கு 140,000 ரூபா செலவாயிற்று. மூன்று பலகைகளை மாற்றவே வேண்டியிருந்தது.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிட்டுள்ளேன். அதன் தொலைபேசி எண் 1977. சேவை வழங்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள் முறையிட வேண்டும். கறை வெளிப்படட்டும் என்று காத்திருந்ததில் எனக்குப் பன்னிரண்டு நாட்களே எஞ்சியிருந்தன. பற்றுச்சீட்டு இல்லாததால், அவர் அனுப்பிய குறுஞ்செய்திகளையும், அந்த இளைஞர்கள் விட்டுச்சென்ற போத்தலையும், கழற்றி எடுத்த மூன்று பலகைகளையும் சான்றாக வைத்திருக்கிறேன். இப்போது வேலை பேசிக்கொண்டிருப்பவர்கள், தரையை எதனால் மூடுவார்கள், யார் எந்த முறையில் துப்புரவாக்குவார்கள் என்பதைக் கூலியோடு சேர்த்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தரை காய்ந்து அதன் நிறத்தை நீங்கள் பகல் வெளிச்சத்தில் பார்க்கும் வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.