மாட்டுத்தாவணி இரவில் டீயா, காபியா, பாட்டிலா?

மதுரை மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் நள்ளிரவுக்கு மேல் கண் சொக்காமல் இருக்க மூன்று வழி உண்டு: டீ, ஃபில்டர் காபி, கண்ணாடிப் பெட்டிக்குள் சில்லென்று நிற்கும் எனர்ஜி டிரிங்க். பருத்திப்பாலை இந்தப் பந்தியில் உட்கார வைக்க முடியாது. தூக்கத்தை விரட்டும் காஃபின் அதில் இல்லவே இல்லை.

நான் பாட்டிலை எடுக்கப் போனபோது பக்கத்து பெஞ்சில் இருந்த லாரி ஓட்டுநர் தடுத்தார். "அண்ணே, அது வேண்டாம். அமெரிக்காவில் அதைக் குடித்துச் செத்திருக்கிறார்கள்."

அவர் சொன்னது கட்டுக்கதை அல்ல. 2012 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தனக்கு வந்த புகார்களை வெளியிட்டது. நான்கு ஆண்டுகளில் ஃபைவ் ஹவர் எனர்ஜி என்ற பிராண்டைக் குறிப்பிட்டு 13 மரணங்கள், மான்ஸ்டர் என்ற பிராண்டைக் குறிப்பிட்டு 5. ஆனால் இவை புகார்கள்தான். பானமே காரணம் என்பதற்கு இவை நிரூபணம் ஆகா என்று அந்த நிர்வாகமே சொன்னது.

எனக்கு உறுத்துவது வேறு. அப்போது இவ்விரண்டும் 'உணவுத் துணைப்பொருள்' என்ற பெயரில் விற்கப்பட்டன. அந்த வகைக்குக் கடுமையான பாதிப்பு பற்றிய புகார் வந்தால் நிறுவனம் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். சாதாரண பானத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 2013-இல் மான்ஸ்டர் தன்னைப் பானமாக மாற்றிக்கொண்டது. லேபிள் மாறியது, கடமையும் கழன்றது. ஆகவே எந்த பிராண்டில் சாவு அதிகம் என்று இந்தப் பட்டியலை வைத்துச் சண்டை போடுவது வீண். காபிக்கோ இந்தப் புகார்க் கட்டாயமே கிடையாது.

மருத்துவமனைக் கணக்கு இன்னும் கெட்டியானது. எனர்ஜி டிரிங்க் தொடர்பாக அமெரிக்காவில் அவசரப் பிரிவுக்கு வந்த வருகைகள் 2007-இல் 10,068, 2011-இல் 20,783. அந்த 2011 வருகைகளில் 42 சதவீதத்தில் மதுவோ மாத்திரையோ வேறு போதைப்பொருளோ கூடவே இருந்தது.

இனி நம் ஊர் அளவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) 2024 உணவு வழிகாட்டிப்படி 150 மில்லி வடித்த காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபின், ஒரு டீயில் 30 முதல் 65. நாளைக்கு 300-ஐத் தாண்டக் கூடாது. எனர்ஜி டிரிங்கில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்பது நம் நாட்டு உணவு விதியின் உச்சவரம்பு; 250 மில்லி பாட்டிலுக்கு 75. அமெரிக்கப் பட்டியலில் 13 மரணங்களோடு பேசப்பட்ட அந்தக் குப்பியோ 57 மில்லிக்குள் சுமார் 200 மில்லிகிராம் அடைத்தது. நம் விதிப்படி அந்த அளவில் 17-க்கு மேல் போட முடியாது.

தாளில் பார்த்தால், காஃபின் அளவில் காபிதான் பாட்டிலையும் டீயையும் முந்துகிறது. ஆனாலும் என் ஓட்டு டீக்கே. கொதிக்கும் டீயை ஊதி ஊதித்தான் குடிக்க முடியும். சில்லென்ற பாட்டில் நாலு மிடறில் காலியாகி, அடுத்ததைக் கேட்கிறது. குழந்தைகளுக்கு உகந்ததல்ல, நாளைக்கு 500 மில்லிக்கு மேல் வேண்டாம் என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கிறது. எறும்பு அளவு எழுத்தில்.

என்னை எச்சரித்த ஓட்டுநர் அப்போது ஆற்றிக்கொண்டிருந்தது மூன்றாவது டீ. வழிகாட்டியின் கீழ்க்கணக்கில் பார்த்தாலே 90 மில்லிகிராம்.