துணிக்கடைக்குள் புகுந்த ஓட்டம்: நாலு கருவிகள், ஒரு மாதம்

"ஏனுங்ணா, துணிக்கடைக்குள்ள பூந்தா ஓடுனீங்க?"

கூட ஓடும் தம்பி, என் வரைபடத்தைப் போனில் பெரிதாக்கிக் காட்டினான். ஞாயிறு விடிகாலை கோவை அவினாசி ரோட்டில், புது மேம்பாலத்துக்கு அடியில் சேர்ந்துதான் ஓடினோம். அவன் கோடு ரோட்டோரமாகவே வந்திருந்தது. என் கோடு எதிர்ச்சாரிக் கடைகளுக்குள் போய்ப் போய்த் திரும்பியிருந்தது. ஓரிடத்தில் கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 40 நொடி வேகம் வேறு. நான் ஆறு நிமிட ஆசாமி.

என்னுடையது சாதா ஜிபிஎஸ் வாட்ச், அவனுடையது இரண்டு அலைவரிசை கேட்கும் டூயல் பேண்ட். உடனே கடைக்கு ஓடாமல் ஒரு மாதம் நாலையும் ஒப்பிட்டுப் பார்த்தேன்: என் வாட்ச், அவனிடம் இரவல் வாங்கிய வாட்ச், போன், ஷூவில் மாட்டும் ஃபுட் பாட்.

முதலில் மேம்பாலத்தடி. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. சிக்னல் வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துத்தான் வாட்ச் தூரத்தைக் கணக்குப் போடுகிறது. உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டருக்குத் தலைக்கு மேல் கான்கிரீட். நேராக வர வேண்டிய சிக்னல் மறைந்து, எதிர்க்கட்டடக் கண்ணாடியில் பட்டுத் திரும்பியதுதான் கைக்கு வருகிறது. 100 நானோநொடி தாமதமானாலே தூரக்கணக்கு 30 மீட்டர் பிசகிவிடும். துணிக்கடை அவ்வளவு பக்கத்தில்தான் இருக்கிறது.

சாதா வாட்ச் 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும் கேட்கும். டூயல் பேண்ட் அதோடு 1176.45-ஐயும் கேட்கும். இந்த இரண்டாவதில் வரும் குறியீடு பத்து மடங்கு வேகமானது. அதனால் நேராக வந்தது எது, பட்டுத் திரும்பியது எது என்று பிரித்தறிவது எளிது. வித்தியாசம் வரைபடத்திலேயே தெரிந்தது. ஆனால் அதுவும் மந்திரம் இல்லை. பாலத்துக்கு நட்டநடு அடியில் அந்தக் கோடும் தள்ளாடியது. மறைந்துபோன வானத்தை எந்த வாட்ச்சும் கொண்டு வர முடியாது. ரேஸ்கோர்ஸ் மரநிழலில் இரண்டு கோடும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அங்கே மட்டும் ஓடுகிறவருக்குக் கூடுதல் காசு வீண் என்பேன். பேட்டரியையும் டூயல் பேண்ட் கூடுதலாகத் தின்னும்.

மருதமலை ரோட்டில் வேறு கதை. ஒரு பக்கம் மலை பாதி வானத்தை மறைத்துவிடுகிறது. வளைவுகளில் என் வாட்ச் குறுக்குவழி போட்டுத் தூரத்தைக் குறைத்தது. நேர் ரோட்டிலோ கோடு நெளிந்து தூரத்தைக் கூட்டியது. கூட்டலும் கழித்தலும் சேர்ந்து மொத்தக் கணக்கு கிட்டத்தட்ட சரியாக வந்ததுதான் வேடிக்கை. "ஏற்றத்தை வாட்ச் கணக்கில் எடுப்பதில்லை" என்று சிலர் குறைப்படுவார்கள். 100 மீட்டருக்கு 10 மீட்டர் ஏறினாலும் நிஜ தூரம் 100.5 மீட்டர்தான். அந்த அரை மீட்டரை விட்டுவிடலாம்.

இனி வேகம். பலர் குழப்பிக்கொள்வது இங்கேதான். பாதை சரியாக விழுந்தால் பேஸும், அதாவது கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்ற கணக்கும், சரியாக இருக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். ஆறு நிமிட வேகத்தில் ஒரு நொடிக்கு நான் நகர்வது 2.8 மீட்டர். திறந்த வெளியிலேயே வாட்ச் காட்டும் இடம் சில மீட்டர் தள்ளிப் போகும். அந்தத் தள்ளாட்டம் திரையில் தெரியாமலிருக்க, முந்தைய நொடிகளையும் சேர்த்துச் சராசரி போட்டுத்தான் காட்டுகிறார்கள். அதனால் நான் வேகமெடுத்து மூச்சு வாங்கும்போது திரை இன்னும் பழைய வேகத்திலேயே நிற்கிறது. டூயல் பேண்டிலும் இந்தத் தாமதம் இருந்தது.

இதற்கு ஃபுட் பாட்தான் ஆள். வானத்தைப் பார்க்காமல் காலசைவை அளக்கிறது. இரண்டு மூன்று எட்டிலேயே வேகம் மாறிவிடுகிறது, பாலத்தடியிலும்கூட. நேரு ஸ்டேடியம் டிராக்கில் முதல் லேனில் ஓடி ஒருமுறை கேலிபரேட் செய்தால், அதாவது தெரிந்த தூரத்தோடு ஒப்பிட்டு அளவைச் சரிசெய்தால், நன்றாகவே ஒத்துப்போகிறது. ஷூ மாற்றினால் மறுபடி பார்க்க வேண்டும். பாதையை மட்டும் அது வரையாது.

போன்? கையில் பிடித்தால் பரவாயில்லை, இடுப்புப் பையில் போட்டால் உடம்பே சிக்னலை மறைக்கிறது. பேட்டரி சேமிப்பு ஆப்பை நடுவழியில் தூங்கவைத்துவிட்டால் இரண்டு புள்ளிக்கு நடுவே நேர்கோடு, அவ்வளவுதான். ஓட ஆரம்பிக்கிறவர்களுக்குப் போதும்.

பழைய வாட்ச்சை வைத்துக்கொண்டு ஃபுட் பாட் மட்டும் வாங்கினேன். மலைக்காட்டு ஓட்டமோ மேம்பாலத்தடி ஓட்டமோ அன்றாடம் என்றால் டூயல் பேண்டே வாங்குங்கள். எதை வாங்கினாலும், கிளம்பும் முன் சிக்னல் பிடித்த பிறகும் ஒரு நிமிடம் நின்றுவிட்டு ஓடுங்கள்.

போன வாரம் ஸ்டேடியத்தில் தம்பி 25 சுற்று முடித்துவிட்டு வந்தான். வாட்ச்சில் 10.55 கிலோமீட்டர். "இதுவும் தப்புக் காட்டுதுங்ணா, பத்துதான வரோணும்?"

"எந்த லேன்ல ஓடுன?"

"நாலாவதுங்ணா, கூட்டமா இருந்துச்சு."

ஒரு சுற்று 400 மீட்டர் என்பது முதல் லேனுக்குத்தான். நாலாவது லேனில் ஒரு சுற்று சுமார் 422 மீட்டர்.